மண்டபம் முகாமின் வாசலில்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் பாசஞ்சர் வண்டி உச்சிப்புளியைக் கடந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்குகிறது. பனைகளும் உடைமரங்களும் மெல்லக் குறைந்து வெண்மணல் மிகுகின்றது. கடல் இன்னும் கண்ணில் படவில்லை. ஆயினும் அதன் வாடை முன்கூட்டியே வந்து நம்மை எதிர்கொள்கிறது. அடுத்து வருவது ஒரு சிறிய நிலையம். ஊரின் பெயரோடு ‘முகாம்’ என்னும் சொல்லையும் சேர்த்துத் தாங்கி நிற்கும் நிலையம் அது. பயணிகளில் பெரும்பாலோர் இராமநாத சுவாமியைத் தரிசிக்கச் செல்பவர்கள். அவர்களுக்கு இங்கே அலுவல் எதுவுமில்லை. நாமும் நண்பர் ஒருவரும் மட்டும் அங்கே இறங்கினோம்.

முகாமுக்குள் வெளியார் செல்ல அரசு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். நம்மிடம் அது இல்லை. ஆகவே வாசலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து, போவோரையும் வருவோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிச் சீருடையில் சிறுமியர் சிரித்தபடி வெளியே வந்தனர். சுண்ணாம்பு படிந்த சட்டையுடன் இளைஞர் இருவர் மிதிவண்டியில் வேலைக்குப் புறப்பட்டனர். வாசலில் காவலர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் இது தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்கும் வேறுபட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் இந்த வாசலுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதை அறிந்தால்தான் இங்கே உள்ளோரின் நிலை விளங்கும்.

1914-ஆம் ஆண்டு பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் வண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் வண்டி ஏறிக் கொழும்பு சேரலாம். ‘போட் மெயில்’ என்று நம் பாட்டன்மார் அழைத்த வண்டி இதுவே. ஒரே பயணச் சீட்டு. நடுவில் ஒரு கடல். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இரப்பர்த் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குச் சென்ற ஏழைத் தமிழரும் இவ்வழியே சென்றனர். ஆனால் அவர்களை நேரே கப்பலேற்றிவிடவில்லை. காலரா, பிளேக், அம்மை முதலிய நோய்கள் தோட்டங்களுக்குப் பரவிவிடக் கூடாதென்று, அவர்களை மண்டபத்தில் இறக்கிச் சில நாள் தங்கவைத்தனர். மருத்துவச் சோதனை நடந்தது, அம்மை குத்தப்பட்டது, துணிகள் நோய்க்கிருமி நீக்கப்பட்டன. இந்த முகாமை இந்திய மண்ணில் அமைத்து நடத்தியது இலங்கை அரசே. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றே பல கூலியாட்களுக்குக் கடவுச்சீட்டாக இருந்த காலம் அது. அவர்கள் உழைப்பு வேண்டியிருந்தது. ஆகவே வாசல் திறந்தது.

காலம் மாறிற்று. இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக ஆக்கிற்று. தலைமுறை தலைமுறையாகச் சென்ற அதே கடல்வழி இப்போது சட்டவிரோதமான வழியாயிற்று. உறவினரைக் காணவும் வேலை தேடவும் தோணியில் இரவோடிரவாகக் கடப்போருக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பெயர் வந்தது. 1952-இல் இலங்கை அரசு தன் படைகளைக் கொண்டு வடமேற்குக் கரையைக் காவல் காக்கத் தொடங்கிற்று. 1954-ஆம் ஆண்டு சனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாட்டில், கள்ளக் குடியேற்றத்தை அடக்குவதென இரு அரசுகளும் உறுதி கூறின. 1963-இல் இதற்கெனவே தனிப்படைப் பிரிவொன்று அமைக்கப்பட்டு, 1981 வரையில் இயங்கிவந்தது. காவல் நோக்கியது தோணிகளை. ஆனால் அந்தப் பழிச்சொல் தோணியே ஏறியிராத, மலையகத்திலேயே பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளர் மீதும் ஒட்டிக்கொண்டது.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேரெனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. அந்த மீதியையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணப்பட்டவர்கள் மக்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் வந்திறங்கிய இடமும் இதே மண்டபம் முகாமே. பாட்டனைச் சோதித்து அனுப்பிய வாசல், பேரனைப் பதிவு செய்து உள்ளே ஏற்றது.

நாம் இதையெல்லாம் நண்பருடன் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டவாறு, பால் வாங்க வந்த மூதாட்டி ஒருவர் அருகில் நின்றார். மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்தவராம்.

“தம்பி, நாங்கள் எண்பத்தஞ்சாம் ஆண்டு வந்தனாங்கள். இரவோட இரவா வள்ளத்தில ஏறினது. மூண்டு மாதத்தில திரும்பிப் போயிடலாம் எண்டு நினைச்சு, முற்றத்தில காயப்போட்ட கருவாட்டைக்கூட அள்ளேல்ல” என்றார்.

1983 சூலைக் கலவரத்தின்பின் வந்தவர்களின் அலையில் வந்தவர் அவர். அந்த மாதம் தொடங்கி 1987 சூலையில் இந்திய – இலங்கை ஒப்பந்தம் ஏற்படும் வரையில் 1,34,000 பேர் வந்தனர். பின்னர் 1989-இலும், 1996-இலும், 2006-இலும் போர் மூண்ட போதெல்லாம் புதிய கூட்டங்கள் வந்தன. 2012 வரையில் வந்தோர் மொத்தம் மூன்று இலட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிச் சென்றனர். 1992 முதல் 1995 வரையில் மட்டும் 54,000 பேர் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பப்பட்டனர். எஞ்சியோரில் ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாடெங்கும் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்து வருவதாக அண்மை ஆண்டுகளின் அரசுக் கணக்குகள் கூறுகின்றன.

“உங்களுக்கு எத்தனை மக்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“ரெண்டு பொடியன்கள். பெரியவன் எண்பத்தாறில இங்கதான் பிறந்தவன். சின்னவன் தொண்ணூறில. பெரியவனுக்கு இந்தியாவில உரிமை இருக்கு, சின்னவனுக்கு இல்லை எண்டு வக்கீல் ஒருத்தர் சொன்னவர். ஒரே வயித்தில, ஒரே முகாமில பிறந்ததுகள் தம்பி. நான் அதை எப்பிடிச் சின்னவனுக்கு விளங்கப்படுத்துறது?”

வழக்குரைஞர் கூறியது சரியே. 1987 சூலை 1-ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகனாவார். அந்நாளுக்குப்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்னும் பிரிவு குடியுரிமைச் சட்டத்தில் புகுந்தது. உரிய ஆவணமின்றி வந்தோர் அதில் அடங்குவர். அவர்கள் பதிவு செய்தும் குடியுரிமை பெற முடியாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு இத்தடையை நீக்கிற்று; இலங்கையர் அதில் சேர்க்கப்படவில்லை. அகதிகளைப் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று தனிச் சட்டமும் இங்கில்லை. எனவே அடைக்கலம் தந்ததும் அரசின் கருணையே. அதை எந்த நாளும் நிறுத்தவல்லதும் அரசின் ஆணையே.

மூதாட்டி பாற்செம்புடன் வாசலை நோக்கி நடந்தார். நாம் அடுத்த பேருந்தைப் பிடித்துத் தீவை நோக்கிச் சென்றோம்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் பேருந்து செல்லுகையில், இடப்பக்கம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலம் வெயிலில் பளபளத்தது. அதனருகே நூற்றாண்டு கண்ட பழைய பாலம் பணி முடித்த முதியவரைப்போல் நின்றது. இராமேசுவரத்தில் வேறு வண்டி பிடித்துத் தனுஷ்கோடி சென்றோம். 1964-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் இந்த ஊரையும், வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியையும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரையும் கொண்டுபோயிற்று. சுவர் மட்டும் எஞ்சிய நம் ஆலயத்தின் முன் சிப்பி விற்கும் சிறுவர்கள் நின்றிருந்தனர். புயலுக்குப்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. 1980-களின் தொடக்கத்தில் கலவரத்தையடுத்து அதுவும் நின்றுபோயிற்று. அத்துடன் இராமேசுவரத்திலிருந்து சீட்டு வாங்கிக் கடல் கடக்கும் வழி அற்றுப்போயிற்று. கடக்க வேண்டிய தேவை மட்டும் அற்றுப்போகவில்லை.

அரிச்சல்முனையில் சாலை முடிந்து மணல் தொடங்குகிறது. ஒருபுறம் அலையெழும் மன்னார் வளைகுடா. மறுபுறம் அடங்கிக் கிடக்கும் பாக் நீரிணை. எதிரே கடலுக்குள் மணல் திட்டுகள் வரிசையாகச் செல்கின்றன. முதல் திட்டு, இரண்டாம் திட்டு என்று மீனவர்கள் எண்ணி வைத்திருக்கின்றனர். தலைமன்னாரிலிருந்து பணம் பெற்று ஏற்றி வரும் படகுக்காரர்கள் கரைவரை வருவதில்லை. இருட்டில் ஏதேனும் ஒரு திட்டில் இறக்கிவிட்டு, இந்தியா வந்துவிட்டதென்று கூறித் திரும்பிவிடுகின்றனர். பொழுது விடிந்தால் சுற்றிலும் கடல். குடிக்க ஒரு துளி நீரில்லை.

2022-ஆம் ஆண்டு இலங்கையில் பொருளாதாரம் சரிந்து, அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்கு ஏறியபோது இதுவே நிகழ்ந்தது. மார்ச் 22-ஆம் நாள் முதலில் வந்தவர்கள் 16 பேர். அவர்களில் கைக்குழந்தையுடன் திட்டில் தவித்த குடும்பத்தைக் கடலோரக் காவல்படையினர் மீட்டனர். அதன்பின் ஈராண்டுகளில் சிறு சிறு கூட்டமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவ்வாண்டு சூன் மாதம் முதிய தம்பதியர் கோதண்டராமர் கோயிலருகே கரையில் மயங்கிக் கிடந்தனர். மூதாட்டி சில நாளில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். மற்றவர்கள் மண்டபத்துக்கே கொண்டு செல்லப்பட்டனர். ஆனால் இவர்கள் அகதிகளாகப் பதியப்படவில்லை. மனிதாபிமானம் கருதித் தங்கவைக்கப்பட்டோர் மட்டுமே.

முனையில் காவலுக்கு நின்ற கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவலர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இளைஞர், திருநெல்வேலிப் பக்கத்தவர்.

“வர்றவங்கள்ல யாரு எவருன்னு எங்களுக்குத் தெரியாது சார். தங்கம் கடத்துறவனும் இந்த வழியாத்தான் வர்றான். அதனால பேரு, ஊரு, எப்படி வந்தீங்கன்னு எல்லாம் கேட்கத்தான் வேணும். ஆனா முதல்ல தண்ணி குடுத்துருவோம். கேள்வி அப்புறம்தான்” என்றார்.

அவர் கூறியதில் நாம் மறுக்கத்தக்கது ஒன்றுமில்லை. அரசின் அச்சம் கற்பனையன்று. 1990 சூன் மாதம் சென்னையில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் உடனிருந்தோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொலையுண்டார். கொலையாளிகள் இக்கடலைக் கடந்து வந்தவர்கள். 1990 முதல் இந்தியக் கடற்படை இந்நீரிணையில் இடையறாது ரோந்து வருகின்றது. 2008-இல் மும்பையைத் தாக்கியவர்களும் கடல்வழி வந்தமையால் காவல் மேலும் இறுகிற்று. தன் கரையில் இறங்குபவர் யாரென அறிவது ஓர் அரசின் கடமை. தன் மக்களின் உயிரைக் காப்பது அதனினும் பெரிய கடமை. இதை மறந்து பேசுவது அகதிகளுக்கும் நன்மை செய்யாது.

ஆயினும் அக்கொலைக்குப்பின் நிகழ்ந்ததையும் கூற வேண்டும். ஒரு குழுவினர் செய்த குற்றத்தின் நிழல் முகாம்கள் அனைத்தின் மீதும் விழுந்தது. ஐயத்துக்குரியோரென அதிகாரிகள் கருதியோர், தண்டனை பெறாமலேயே ‘சிறப்பு முகாம்’ என்னும் பெயரில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டனர். மற்றவரோ அடையாள அட்டை, பெயர் வாசிப்பு, வெளியூர் செல்ல அனுமதி என்னும் ஒழுங்குகளுக்குள் வாழப் பழகினர். வந்த அன்று கேட்க வேண்டிய கேள்வியை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டேயிருந்தால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா? 1986-இல் இங்கே பிறந்தவன் இன்று நாற்பதை எட்டுகிறான். அவனைப்பற்றி அரசு அறியாதது இனி என்ன இருக்கிறது?

நன்மையாக நடந்தவற்றையும் மறைத்தல் நன்றன்று. மாதந்தோறும் பணக்கொடையும் அரிசியும் தரப்படுகின்றன. பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்துப் பொறியாளராகவும் செவிலியராகவும் ஆகியிருக்கின்றனர். 2021-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, பழுதடைந்த குடியிருப்புகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 7,500 புதிய வீடுகள் கட்டுவதாக அறிவித்து, முகாம்களின் பெயரையும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றிற்று. 2025-ஆம் ஆண்டு நடுவணரசு 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் கொணர்ந்தது. 2015 சனவரி 9-ஆம் நாள் வரையில் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையினின்று அது விலக்கிற்று. இது சிறு ஆறுதலே எனினும் ஆறுதல்தான். குற்றவாளியல்லர் என்று கூறியாயிற்று. யாரென்று இன்னும் கூறவில்லை.

மாலையில் இராமேசுவரம் திரும்பி, வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயத்துக்குச் சென்றோம். அங்கே கச்சத்தீவுத் திருவிழாவைப்பற்றிக் கேட்டறிந்ததே இப்பயணத்தில் நமக்குக் கிடைத்த பெரும் பயன் எனலாம்.

கச்சத்தீவு 1974-ஆம் ஆண்டு உடன்பாட்டினால் இலங்கைக்குரியதாயிற்று. ஆனால் அதே உடன்பாட்டின் ஐந்தாம் பிரிவு, இந்தியத் திருப்பயணிகள் அங்கு செல்லக் கடவுச்சீட்டோ விசாவோ வேண்டியதில்லை என்று கூறுகிறது. ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டி அங்குள்ள புனித அந்தோணியார் ஆலயத்தில் திருவிழா நடைபெறுகிறது. செல்ல விரும்புவோர் வேர்க்கோட்டில் முன்கூட்டியே பெயர் கொடுக்கின்றனர். அரசு அதிகாரிகள் பட்டியலைச் சரிபார்க்கின்றனர். துறையில் சுங்கத்தார் பைகளைச் சோதிக்கின்றனர். இந்தியக் கடலோரக் காவல்படையினர் எல்லைவரை காவல் செய்கின்றனர். அப்பால் இலங்கைக் கடற்படையினர் ஏற்கின்றனர். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. இரு கரைத் தமிழரும் ஓரிரவு ஒரே மணலில் உறங்கி, உறவு விசாரித்து, சோப்பும் தேயிலையும் மாற்றிக்கொண்டு, எண்ணிய தலை குறையாமல் அவரவர் கரைக்குத் திரும்புகின்றனர். மீனவர் கைதுகளைக் கண்டித்துத் தமிழ்நாட்டார் செல்லாதிருந்த 2024 போன்ற ஆண்டுகளும் உண்டு. அவை நீங்கலாக அண்மை ஆண்டுகளில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் நிலைத்துவந்திருக்கிறது.

இதே கடல்தான், இதே இரு அரசுகள்தான், அஞ்ச வேண்டிய காரணங்களும் அவையேதான். ஆயினும் யார் செல்கிறார், எந்நாள் திரும்புவார், எவ்வழி செல்வார் என்று மூன்றையும் முன்பே வகுத்துவிட்டமையால் வாசல் திறக்கவும் முடிந்தது. காவல் குறையாதிருக்கவும் முடிந்தது. மண்டபத்து வாசலில் முதலாவது மட்டுமே நடந்திருக்கிறது. பெயர் எழுதியாயிற்று. எந்நாள், எவ்வழி என்பவை எழுதப்படவில்லை. திரும்பிச் செல்ல விரும்புவோருக்கு நிலமும் வீடும் உறுதி செய்யப்பட்ட நல்ல வழி. இங்கே பிறந்து இம்மண்ணன்றி வேறறியாதவருக்குக் குடியுரிமைக்கு ஒரு வழி. புதிதாக வருவோருக்கு இத்தனை நாளுக்குள் முடிவு கூறுவோமென்ற ஒரு சட்டம். அரசால் இயலாதது எதையும் நாம் கேட்கவில்லை. எகிப்துக்கு இரவில் புறப்பட்ட திருக்குடும்பத்துக்கும் திரும்பும் நாள் ஒன்று அறிவிக்கப்பட்டது என்பதை நம் வாசகர் அறிவர்.

மறுநாள் மாலை ஊர் திரும்பும் வண்டி அச்சிறு நிலையத்தில் ஒரு நிமிடம் நின்றது. வேலை முடித்தவர்கள் மிதிவண்டிகளில் முகாமை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர். நம்முடன் பயணம் செய்த குடும்பத்துச் சிறுவன் சன்னல் வழியே பார்த்து, “அப்பா, அங்க யாரு இருக்காங்க?” என்று கேட்டான். தந்தை கோயில் பிரசாதத்தைப் பையில் வைத்தவாறே, “அகதிங்கப்பா” என்றார்.

“எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?”

அதற்கு அவர் விடை கூறவில்லை. வண்டி புறப்பட்டுவிட்டது. நம் மறைமாவட்டங்கள் பலவற்றில் இத்தகைய முகாம்கள் உள்ளன. நம் பிள்ளைகளுடன் அங்குள்ள பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். அச்சிறுவனின் கேள்வியை நாமும் கேட்போம். நம்மிடம் வாக்குக் கேட்டு வருபவரிடமும் கேட்போம்.